பச்சைப் பட்டும் ஒன்பதாவது இன்னிங்ஸும்

ராக்ஸ்பரோ, மாண்ட்ரியல்
11 நவம்பர் 1973

திரு. நாகசுப்பிரமணியன் அவர்களுக்கு,

நான் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாண்ட்ரியலில் இருக்கிற அத்தனை தமிழ்க் குடும்பத்துக்கும் என்னைத் தெரிய வைத்தவர் நீங்கள்தான். ஆனாலும் முறைக்குச் சொல்கிறேன். நான் அனுசூயா. இன்றைக்கு எனக்கு வழங்குகிற பெயர் விசில் அனுசூயா.

செப்டம்பர் மாதம் ஜாரி பார்க்கில் நடந்த பேஸ்பால் ஆட்டத்துக்கு என் அண்ணா கோவிந்தராஜன் என்னையும் மன்னி அலமுவையும் அழைத்துப் போனான். செயின்ட் லாரன்ட் தொழிற்சாலையிலிருந்து வீடு திரும்பினால் செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்கிற மனுஷன், தானாக டிக்கெட் வாங்கி வந்தானே என்று நான் அசடு மாதிரி சந்தோஷப்பட்டேன். எனக்கு பேஸ்பால் என்றால் உயிர். இந்த ஊருக்கு வந்த புதிதில் பேச ஆளில்லாமல் ரேடியோவில் ஆட்ட வர்ணனை கேட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பிரெஞ்சே வந்தது.

விஷயம் தெரிந்தது நவராத்திரியில். ஒரு மாமி வீட்டுக் கொலுவுக்குப் போனோம். எல்லாப் பெண்களையும் பாடச் சொல்வார்கள் இல்லையா, என் முறை வந்ததும் அந்த மாமி, "நீ பாட வேண்டாண்டி அனு, ஒரு விசில் அடியேன், கேப்போம்!" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. சுண்டல் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்னும் உடம்பெல்லாம் எரிகிறது.

நம் பக்கத்தில் பெண் பார்க்க வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கோயிலில் வைத்துத் தற்செயல் போல ஒரு தடவை பார்த்துவிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் பிரகாரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம், பெண்ணுக்குத் தெரியவே வேண்டாம். மாண்ட்ரியலில் கோயில் இல்லை. அதனால் உங்கள் மாமா புரொபசர் பாலகிருஷ்ணனும் என் அண்ணாவும் கூடிப் பேசி, ஜாரி பார்க்கைக் கோயிலாக்கிவிட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை, மன்னிக்கும் சொல்லவில்லை. நீங்கள் ஒட்டாவாவிலிருந்து பஸ் ஏறி வந்து எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "பொண்ணு விசில் அடிக்கறா மாமா, நமக்குச் சரிப்படாது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. என்னைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். ஆனால் உங்கள் மாமா அதைக் காரணத்தோடு திருச்சிக்கு, என் அப்பாவுக்கு எழுதிப் போட்டுவிட்டார். ரயில்வேயிலிருந்து ரிட்டயரான என் அப்பா நான் கனடா வந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் எனக்கு ஏரோகிராம் எழுதுகிறவர். மடிக்கிற ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதுவார். அக்டோபரிலிருந்து எதுவும் இல்லை. அண்ணாவுக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. அதில் ஒரு வரி: "அவளுக்கு இனி நான் எழுதுவதாக இல்லை."

அன்று நீங்கள் என்ன பார்த்தீர்கள்? மாமாவிடம் சொன்னதை என்னிடம் சொல்லுங்கள். அந்தத் தைரியமாவது இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அனுசூயா

*

ஒட்டாவா
25 நவம்பர் 1973

குமாரி அனுசூயாவுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முன்பின் அறிமுகமில்லாத ஓர் ஆடவனுக்கு ஒரு பெண் இவ்வளவு காட்டமாக எழுதுவது நான் எடுத்த முடிவு சரியே என்பதைத்தான் காட்டுகிறது. இருப்பினும் தங்கள் தந்தையார் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்களுடையது ஆசாரமான குடும்பம். மாயவரத்தில் இருக்கும் என் தாயார் இன்றைக்கும் மடிசாரில்தான் இருக்கிறார். வரப்போகிறவள் அடக்கமானவளாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே எதிர்பார்ப்பு. பச்சைப் பட்டுப் புடவையில் தாங்கள் லட்சணமாகவே இருந்தீர்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எட்டாவது இன்னிங்ஸில் நம் டீம் ஆள் இரண்டாவது பேஸுக்கு நழுவிப் போய்ச் சேர்ந்தானே, அந்த நேரத்தில் தாங்கள் அடித்த விசில் என் காதைத் துளைத்தது. ரயில்வே கார்டு தோற்றுப்போவார்.

அவன் ஓடிய ஓட்டம் அபாரம்தான். பந்து எறிகிற பிட்சர் கையைத் தூக்குவதற்கு முன்பே பாதி தூரம் போய்விட்டான். அதற்காகக் கைதட்டலாம், விசில் அடிப்பதா?

நடந்ததை மறந்துவிடுங்கள். எனக்குத் தங்கள் மேல் எந்த விரோதமும் இல்லை.

தி. நாகசுப்பிரமணியன், பி.ஈ., எம்.எஸ்.

*

ராக்ஸ்பரோ
2 டிசம்பர் 1973

மதிப்பிற்குரிய நாகசுப்பிரமணியன் அவர்களுக்கு,

பதில் போட்டதற்கு நன்றி. கோபத்தில் எழுதிவிட்டேன். பெரிய மனசு பண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஆட்டத்தை நன்றாகப் புரிந்துகொண்டு பார்த்தவர் என்று தெரிகிறது. இங்கே என்னோடு அதைப் பேச யாருமில்லை. அண்ணாவுக்கு எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்றே தெரியாது. கடைசி, ஒன்பதாவது இன்னிங்ஸ் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன? நேரம் இருந்தால் எழுதுங்கள்.

என்னைத் திருத்திக்கொள்ளவும் ஆசைதான். விசில் தவிர வேறு என்னவெல்லாம் உங்களுக்குக் குறையாகப் பட்டது? நான் உட்கார்ந்த விதம், தலை வாரிய விதம், எதுவானாலும் கூசாமல் எழுதுங்கள். அடுத்து வருகிற வரனுக்காவது உதவும்.

பணிவுடன்,
அனுசூயா

*

ஒட்டாவா
23 டிசம்பர் 1973

அன்புள்ள அனுசூயாவுக்கு,

தங்கள் கடிதத்தில் தெரிந்த பணிவு எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. தவறை உணர்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

கடைசி இன்னிங்ஸைப் பற்றிக் கேட்டீர்கள். நான் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அங்கேகூட நான் இப்படி இருக்கை நுனிக்கு வந்ததில்லை. நாம் ஓர் ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட். முதல் பேஸில் ஒருவன் நிற்கிறான். அடிக்க வந்தவன் ஒரு குட்டையன். வருகிற பந்தையெல்லாம் ஓரத்தில் தட்டித் தட்டி விட்டுக்கொண்டே இருந்தான். சிவப்பு மீசை வைத்த அந்த பிட்சர் தொப்பியைக் கழற்றுவான், நெற்றியைத் துடைப்பான், காலரை இழுத்துவிட்டுக்கொள்வான், மறுபடி எறிவான். மாமா ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

அப்புறம் அடித்தானே ஒன்று! வலப்பக்கம், வேலிக்கு அப்பால் இருக்கிற நீச்சல் குளத்தைப் பார்த்துப் போயிற்று. பார்க் மொத்தமும் எழுந்து நின்றது. போச்சு, போச்சு என்று கத்தினேன். பந்து வேலியில் பட்டுத் திரும்பிவிட்டது. முதல் பேஸில் இருந்தவன் ஓட்டமாக ஓடி மற்ற இரண்டு பேஸையும் தொட்டுச் சுற்றி வருகிறான். பந்தும் வருகிறது. ஒரே புழுதி. அம்பயர் குனிந்து பார்த்துவிட்டுக் கையை ஓங்கினார். அவுட்! ஒரே ஓட்டத்தில் தோற்றோம். ஒட்டாவா பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் எனக்கு அதே நினைப்புதான்.

தங்களைப் பற்றி: குறை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பச்சைப் பட்டு தங்கள் நிறத்துக்குப் பொருத்தம். பின்னலில் கனகாம்பரம் வைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. யாரோ கடலை நீட்டியபோது தலை குனிந்து வாங்கிக்கொண்ட விதத்தில் நல்ல வளர்ப்பு தெரிந்தது. அந்த விசில் மட்டும் இல்லாமலிருந்தால் எல்லாமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

புத்தாண்டு வாழ்த்துகள்.

நாகசுப்பிரமணியன்

*

ராக்ஸ்பரோ
6 ஜனவரி 1974

நாகசுப்பிரமணியன் சார்,

மாண்ட்ரியலில் கனகாம்பரம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்று எழுதுங்கள். நானும் மன்னியும் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்றைக்கு நான் போட்டிருந்தது பழுப்பு நிறக் கால்சட்டை. மேலே அண்ணாவின் பழைய கோட்டு. தலையில் நம் டீமின் சிவப்பு வெள்ளை நீலத் தொப்பி, பின்னல் அதற்குள்ளே. பச்சைப் பட்டு கட்டிக்கொள்ளச் சொல்லி அண்ணா காலையிலிருந்து கெஞ்சினான். ஆட்டம் முடிந்து புரொபசர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று சாக்குச் சொன்னான். குளிரில் பட்டு கட்டிக்கொண்டு மரப் பெஞ்சில் உட்கார எனக்கென்ன பைத்தியமா? மாட்டேன் என்றுவிட்டேன். பாவம், அதற்கு முன்பே உங்கள் மாமாவிடம் "பொண்ணு பச்சைப் பட்டில் வருவாள்" என்று சொல்லி வைத்திருக்கிறான். அதைத்தான் நீங்கள் திருப்பி எனக்கே ஒப்பிக்கிறீர்கள்.

குட்டையன் தட்டிவிட்ட பந்தெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பிட்சருடைய மீசை நிறம் தெரிந்திருக்கிறது. அவன் காலரை இழுத்துவிட்டது தெரிந்திருக்கிறது. நான் புடவையில் இருந்தேனா கால்சட்டையில் இருந்தேனா என்பது தெரியவில்லை. நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. ஆட்டம் அப்படி உங்களை இழுத்துக்கொண்டுவிட்டது. முடிந்ததும் மாமா "எப்படிடா?" என்று கேட்டிருப்பார். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல வெட்கம். காதில் விழுந்த விசிலை எடுத்து என் தலையில் வைத்துவிட்டீர்கள்.

ஆட்டத்தைப் பார்த்ததற்காக உங்களை நான் திட்ட மாட்டேன். அந்த ஒன்பதாவது இன்னிங்ஸை விட்டுவிட்டு என்னைப் பார்த்திருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் "பார்க்கலை மாமா, ஆட்டத்துல மறந்துட்டேன்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியாது.

இன்னொன்று. எனக்கு விசில் அடிக்கத் தெரியாது. எத்தனை ஊதினாலும் காற்றுதான் வரும். அடித்தது யார் என்று எனக்குத் தெரியும், ஆனால் அப்பாவிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் என்மேல் இருக்கிற கோபம் அப்படியே அங்கே திரும்பும். அந்த ஆள் அழுதுகொண்டு தானே எழுதுகிறேன் என்றபோதும் நான்தான் தடுத்தேன்.

அதனால் என் பெயரை மீட்க உங்களால்தான் முடியும். என் அப்பாவுக்கு எழுதுங்கள். உங்கள் கைப்பட, தமிழில். பெண்ணைப் பார்க்கவே இல்லை, விசில் அடித்தது அவள் இல்லை என்று எழுதுங்கள். திருச்சி முகவரி கீழே இருக்கிறது. இல்லாவிட்டால் உங்கள் இரண்டு கடிதங்களையும் அடுத்த கொலுவில் பாட்டுக்குப் பதில் நானே உரக்கப் படிப்பேன். கனகாம்பரம் வருகிற இடத்தில் ராகம் போட்டுப் படிப்பேன்.

அனுசூயா

*

ஒட்டாவா
27 ஜனவரி 1974

அன்புள்ள அனுசூயா,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். உன் கடிதம் (இனி தங்கள் என்று எழுத எனக்கு வரவில்லை) என்னைத் தூங்கவிடவில்லை.

ஆட்டம் நெருக்கடியாக இருந்தது உண்மை. நான் முழுக் கவனமும் உன்மேல் வைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதை எழுத்தில் உன் அப்பாவுக்கு எப்படித் தருவது? மாமா முகத்தில் எப்படி முழிப்பேன்? அவர் பல்கலைக்கழகத்தில் எவ்வளவு பெரிய மனிதர். என் அம்மாவுக்குத் தெரிந்தால், பெண் பார்க்கப் போன இடத்தில் பந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை என்று ஆகிவிடும்.

நன்றாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதைவிடக் கௌரவமான வழி இல்லை. நான் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயார். மாமாவிடம் பேசிவிட்டேன், அவருக்கும் சம்மதம். அம்மாவை நான் சமாளிக்கிறேன். கல்யாணம் ஆகிவிட்டால் விசில் பேச்சு தானாக அடங்கிவிடும், உன் அப்பாவும் சமாதானம் ஆகிவிடுவார். உனக்கும் வயது இருபத்தெட்டு ஆகிறது என்று மாமா சொன்னார். யோசித்துச் சொல்.

இவ்வளவு புத்தியுள்ள பெண்ணை நான் பார்த்ததில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

நாகு

*

ராக்ஸ்பரோ
10 பிப்ரவரி 1974

நாகசுப்பிரமணியன் சார்,

உங்கள் கடிதத்தை மன்னிக்குப் படித்துக் காட்டினேன். "அடப்பாவி, காலில் மிதித்ததற்குச் செருப்பையே பரிசாகத் தரானேடி" என்றாள். கரைத்துக்கொண்டிருந்த மோரை அப்படியே வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று பூரா நான் வேலை பார்க்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் எதைத் தொட்டாலும் உடைந்தது.

இருந்தாலும் கல்யாண விஷயம். முறைப்படி செய்வோம். நீங்கள் என்னைப் பார்க்க வந்தாயிற்று, பார்க்காமல் போயும் ஆயிற்று. இப்போது நான் உங்களைப் பார்க்க வேண்டும். அதே பார்க்கில், கோடையில் ஆட்டம் ஆரம்பித்ததும். பிள்ளைக்குத் தெரிந்தே பார்க்கிறேன், அந்த மட்டில் உங்களைவிட நான் உத்தமம்.

நீங்கள் பட்டு வேஷ்டியும் அங்கவஸ்திரமும் போட்டுக்கொண்டு வர வேண்டும். நான் கொஞ்சம் தள்ளிப் பின்னால் எங்கேயோ இருப்பேன். நீங்கள் பேசக் கூடாது, தேடி எழுந்து வரக் கூடாது. உங்கள் ஆசைப்படி அந்தப் பச்சைப் பட்டு இந்தத் தடவை கட்டாயம் பார்க்குக்கு வரும். பார்த்துவிட்டு என் பதிலைச் சொல்கிறேன்.

ஆனால் முதலில் அப்பாவுக்குக் கடிதம். அங்கேயிருந்து எனக்குப் பதில் வந்தால்தான் உங்களுக்கு டிக்கெட் வரும்.

அனுசூயா

*

ஒட்டாவா
3 மார்ச் 1974

அன்புள்ள அனுசூயா,

எழுதிவிட்டேன். நேற்று தபாலில் சேர்த்தேன். நான் எழுதியதை உனக்கு அப்படியே சொல்கிறேன், பிறகு குறை சொல்லாதே:

"மாமா அவர்களுக்கு நமஸ்காரம். தங்கள் குமாரத்தியைப் பற்றி நான் சொன்னது உண்மை இல்லை. அன்று நான் அவளைப் பார்க்கவே இல்லை. ஆட்டத்தில் மூழ்கிப் போய்விட்டேன். விசில் அடித்தது அவள் இல்லை. அவளுக்கு விசில் அடிக்கத் தெரியாது. ஒரு குறையும் இல்லாத பெண்ணின் மேல் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன்."

இதை எழுதும்போது எனக்கு வியர்த்தது, வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என் மாமாவிடமும் சொல்லிவிட்டேன். ஒரு வாரமாகப் போனை எடுப்பதில்லை. உனக்காக இவ்வளவும் செய்திருக்கிறேன். இனிமேலாவது "சார்" என்று எழுதுவதை விட்டுவிடக் கூடாதா?

நாகு

*

ராக்ஸ்பரோ
12 மே 1974

நாகசுப்பிரமணியன் சார்,

அப்பாவிடமிருந்து ஏரோகிராம் வந்துவிட்டது. தபால்காரர் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போனதும் மன்னிதான் எடுத்தாள். கையெழுத்தைப் பார்த்ததும், வேலையில் இருந்த எனக்குப் போன் பண்ணி, "அனு, ஓரமெல்லாம் எழுதியிருக்கார்டி, ஓரமெல்லாம் எழுதியிருக்கார்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பாதி நாளில் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவருக்கு அது வராது. முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தார். கடைசியில், மடிக்கிற ஓரத்தில், "ஒரு பிள்ளை பெண்ணையே மறந்துபோகிற மாதிரி அந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது? விவரமாக எழுது" என்று கேட்டிருந்தார். மூன்று ஏரோகிராம் எழுதினேன். நான்காவது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொன்னபடி செய்தீர்கள். நானும் சொன்னபடி செய்கிறேன். ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் இதோடு இருக்கிறது. உங்கள் மாமாவுக்கும் ஒன்று. சீக்கிரம் வந்து உட்கார்ந்துவிடுங்கள். வேஷ்டியை மறக்க வேண்டாம்.

அனுசூயா

*

ஒட்டாவா
23 ஜூன் 1974

அனுசூயா,

எட்டு நாளாயிற்று. ஒரு வரி பதில் இல்லை. இது என்ன நியாயம்?

நான் பட்டு வேஷ்டியில் ஜாரி பார்க்கில் உட்கார்ந்தேன். பஸ் நிலையத்திலேயே ஒரு குழந்தை என்னைப் பார்த்து அழுதது. பார்க்கில் பியர் விற்கிறவன் மெர்சி, மெர்சி என்று நன்றி சொல்லி என்னோடு நின்று படம் எடுத்துக்கொண்டான். காற்றில் வேஷ்டியைப் பிடிப்பதா அங்கவஸ்திரத்தைப் பிடிப்பதா என்று தெரியாமல் மாமாவிடம் திட்டு வாங்கினேன். நீ தேடி வரக் கூடாது என்றாய், நான் எழுந்திருக்கவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நீ சொல்லவில்லையே? பச்சைப் புடவை எங்கே எங்கே என்று ஒவ்வொரு வரிசையாகத் தேடினேன். பின்னால் இருந்த பெண்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். ஒருத்தியின் கணவன் எழுந்து நின்று பிரெஞ்சில் ஏதோ சத்தம் போட்டான். நல்லவேளை, எனக்குப் புரியவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸில் விசில் கேட்டது. அதே விசில்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பினால் மூன்று வரிசைக்குப் பின்னால் பச்சைப் பட்டு. பார்த்தால், நாற்பது வயது மாமி ஒருத்தி, நெற்றியில் ரூபாய் அகலத்துக்குக் குங்குமம், வாயில் இரண்டு விரல். என்னையே பார்த்து இன்னொரு தடவை அடித்தாள். அவள் பக்கத்தில் தொப்பி போட்ட யாரோ ஒரு பையன், முகத்தை மறைத்துக்கொண்டு பைனாகுலர். அவர்களையே வெறித்துக்கொண்டிருந்தபோது பார்க் முழுக்க இடி இடித்த மாதிரி சத்தம். நான் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்ன நடந்தது என்றே எனக்குத் தெரியாது. மாமாவைக் கேட்டேன், "நீ எதைத்தாண்டா பார்க்க வந்தே?" என்று என்மேல் எரிந்து விழுந்தார்.

பஸ் பாதி வழி வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அந்தத் தொப்பிப் பையன் நீதான் என்று. உன்னை நேருக்கு நேர் பார்த்தும் விட்டுவிட்டேன்.

என்னைப் பார்த்தாய் அல்லவா? பிடித்ததா, இல்லையா? அதை மட்டும் சொல். கெஞ்சிக் கேட்கிறேன்.

நாகு

*

ராக்ஸ்பரோ
30 ஜூன் 1974

நாகசுப்பிரமணியன் சார்,

பச்சைப் பட்டு பார்க்குக்கு வரும் என்றேன், வந்தது. யார் கட்டிக்கொண்டு வருவார் என்று நான் சொல்லவில்லை. அது என் மன்னி அலமு. ஐந்து அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவள், ஆறு வயதிலேயே விசில் அடிப்பாளாம். போன தடவை அண்ணா எழுந்து உங்கள் மாமாவைப் பார்க்கப் போயிருந்த நேரத்தில் தன்னை மறந்து அடித்துவிட்டாள். எட்டு மாதம் எனக்கு முன்னால் தலை நிமிர்ந்து சாப்பிடவில்லை. இந்தத் தடவை புடவையைத் தானே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு, "இன்னிக்கு உங்கண்ணாவைப் பக்கத்துல வச்சுண்டே அடிக்கிறேன், மாமாவுக்கும் கேக்கட்டும், திருச்சிக்கும் கேக்கட்டும்" என்றாள். அவள் அடித்ததும் அண்ணா கையிலிருந்த பாப்கார்ன் முன் வரிசைக்காரர் தலையில் கொட்டியது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அண்ணா செய்தித்தாளுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். ராக்ஸ்பரோ ஸ்டேஷன் தாண்டினதும், "இன்னொரு தரம் அடி" என்றான்.

மறுநாள் உங்கள் மாமா போன் பண்ணினார். "என்னம்மா அனு, பையன் எப்படி?" என்றார். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "மாமா, உங்க பையன் ஆட்டத்தையே பார்க்கலை. ஒன்பது இன்னிங்ஸும் திரும்பித் திரும்பிப் பின்னாடி இருந்த பொம்மனாட்டிகளைத்தான் பார்த்துண்டிருந்தார். ஒருத்தியோட ஆத்துக்காரர் சண்டைக்கே வந்துட்டார். நமக்குச் சரிப்படாது." அவர், "நானும் பார்த்தேன்மா, எனக்கே என்னவோ போல இருந்தது" என்றார். கொலு நடத்தின அந்த மாமியும் அன்று பார்க்கில்தான் இருந்தாள். அவளை நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, தானாகவே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உங்களுக்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறாள். அது என்ன என்று நவராத்திரிக்கு மாண்ட்ரியல் வந்தால் தெரியும். உங்கள் அம்மாவுக்கு மாயவரத்துக்கு மாமா எழுதுவார். காரணத்தோடு எழுதுவதுதான் அவர் வழக்கம்.

நீங்கள் தவறவிட்டதையும் சொல்லிவிடுகிறேன், பாவம். இரண்டு டீமும் சமம். போன வருஷம் வேலியில் அடித்த அதே குட்டையன் வந்தான். மன்னி விசில் அடித்தாள், நீங்கள் திரும்பினீர்கள், அவன் அடித்தான். இந்தத் தடவை பந்து வேலியைத் தாண்டிப் போய் நீச்சல் குளத்தில் விழுந்தது. குளித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் அதற்காக ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். ஒரே ஓட்டத்தில் ஜெயித்தோம். அப்பாவுக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக நீங்கள் கேட்டது, உங்களைப் பிடித்ததா என்று.

பார்த்துச் சொல்ல வேண்டும் என்றுதான் சார் வந்தேன். அதற்காகவே அண்ணாவின் பைனாகுலரை எடுத்து வந்தேன். நீங்கள் திரும்பினது, அங்கவஸ்திரம் பறந்தது, எல்லாம் மன்னி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பைனாகுலர் பிட்சர் மேலேயே நின்றுவிட்டது. உங்களைப் பார்க்க மறந்துபோய்விட்டேன். ஆட்டம் அவ்வளவு நெருக்கடியாக இருந்தது.

அனுசூயா